பதினொரு தந்தி

"அப்பா, மூணு டப்பாவும் ஒரே மாதிரிதான் கேக்குது" என்று மகள் சொன்ன அன்றைக்கு என்னிடம் மூன்று கம்ப்ரஸர் பெடல்கள் இருந்தன (கிட்டாரின் ஓங்கிய சத்தத்தை அமுக்கி, தேய்கிற சத்தத்தைத் தூக்கிப்பிடிக்கிற, காலால் மிதிக்கும் டப்பாக்கள்). அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணை மட்டும் சொல்லி, ஒவ்வொன்றாக மிதித்து வாசித்துக் காட்டிய பரீட்சை அது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே பிடிபடப் போகிறது என்று தள்ளிவிட்டேன். ராத்திரி நானே மூன்றையும் பதிவு செய்து, பெயர்களை மாற்றிக் குலுக்கிப் போட்டுக் கேட்டேன். ஒன்பது தடவையில் சரியாகச் சொன்னது மூன்று. சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். மூன்றுக்குமாக எவ்வளவு செலவழித்தேன் என்று இங்கே எழுதலாம்தான். இந்தப் பதிவை வீட்டில் இன்னொருவரும் படிக்கிறார் என்பதால் வேண்டாம்.

தேடியது ஒரே ஒரு சத்தத்தை. 1965-ல் பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு பாடிய 'மிஸ்டர் டாம்பரீன் மேன்' தொடங்கும்போது சில விநாடிகள் வருமே, அந்தப் பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டார். ஜாங்கிள் என்று அதற்குப் பெயர். சாவிக்கொத்தைக் குலுக்கினால் வருகிற சத்தம். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 'கணீர்' என்றால் மணியில் விழுகிற ஒற்றை அடி. 'சலசல' என்றால் அடியே இல்லாத ஓட்டம். எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். சலங்கை கொஞ்சம் பக்கத்தில் வருகிறது: ஒரு மிதிக்கு நூறு மணி, ஆனால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் காதில் விழும். என் கிட்டாரில் மிதி மட்டும் கேட்டது. மணிகளைக் காணோம்.

கிட்டாரைக் குறை சொல்ல வழியில்லை. அந்தப் பாட்டில் ஒலிக்கிற ரிக்கன்பேக்கர் கம்பெனிக் கிட்டாரை வாங்க வசதியில்லாமல் எடுத்த பழைய டேனலெக்ட்ரோதான் என்றாலும், அதன் லிப்ஸ்டிக் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இரண்டும் பளிச்சென்று பேசக்கூடியவை. (அந்தக் கம்பெனி 1950-களில் நிஜமாகவே லிப்ஸ்டிக் குழாய்க்குள்தான் காந்தத்தையும் சுருளையும் அடைத்தது.) பன்னிரண்டு தந்தி வாசிப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான்: மேலே இரண்டு ஜோடியும் ஒரே சுருதி, கீழே நான்கு ஜோடியில் தடித்த தந்திக்குப் பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு மெல்லிய தந்தி. இதில் வேடிக்கை, கிட்டாரிலேயே உயரமான சுருதி முதல் தந்திக்குக் கிடையாது. முதல் தந்தி இ என்ற ஸ்வரம், 330 ஹெர்ட்ஸ். நடுவில் ஒளிந்திருக்கிற மேல்ஸ்தாயி ஜி 392. முடி மாதிரி மெல்லிசான அந்த ஜி-தான் ஜாங்கிளின் உயிர். அதிகம் அறுவதும் அதுதான்.

மெக்குவின் சொன்ன கதை

கம்ப்ரஸர் பைத்தியம் பிடித்ததற்கு பேர்ட்ஸ் குழுவில் அந்தக் கிட்டாரை வாசித்த ரோஜர் மெக்குவின்தான் காரணம். சிகாகோக்காரர், நாட்டுப்புறப் பாட்டுப் பள்ளியில் பாஞ்சோவும் பன்னிரண்டு தந்தி அக்கூஸ்டிக்கும் கற்றவர். 1964-ல் வந்த பீட்டில்ஸ் படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு தந்தியைப் பார்த்துவிட்டு, அதேபோல ஒன்றை வாங்கினார். 1965 ஜனவரி 20 அன்று ஹாலிவுட்டில் கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவு. குழுவில் ஐந்து பேர் இருந்தும், அந்தப் பாட்டில் வாத்தியம் வாசிக்க அனுமதிக்கப்பட்டவர் மெக்குவின் ஒருவர்தான்; மற்றதெல்லாம் கூலிக்கு வாசிக்கும் ஸ்டுடியோ கலைஞர்கள். ஜூன் மாதம் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

மெக்குவின் பல பேட்டிகளில் சொல்கிற விஷயம் இது. இன்ஜினியர் ரே கெர்ஹார்ட்டுக்கு ராக் அண்ட் ரோல் என்றால் பயம், சத்தத்தில் தன் கருவிகள் கெட்டுவிடும் என்று. அதனால் எதைப் பதிவு செய்தாலும் வால்வ் கம்ப்ரஸர் வழியாகத்தான் விடுவார். கிட்டார் ஆம்ப்புக்குப் போகவில்லை, நேராக மிக்ஸரில் செருகப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கம்ப்ரஸர். ரிக்கன்பேக்கர் தனியாக வாசித்தால் தொப்தொப்பென்றுதான் இருக்கும், நின்று ஒலிக்கிற அந்த நீளம் முழுக்க கம்ப்ரஸர் தந்தது என்பது மெக்குவின் கட்சி. ஸ்டுடியோவை மேடைக்குக் கொண்டுபோக முடியாதே என்று மனிதர் அதோடு விட்டுவிடவில்லை. 1988-ல் ரிக்கன்பேக்கர் அவர் பெயரில் ஒரு மாடல் வெளியிட்டபோது கிட்டாருக்கு உள்ளேயே கம்ப்ரஸர் சர்க்யூட்டை வைத்துக் கொடுத்தார்கள். பிறகு இந்தச் சத்தத்துக்காகவே செய்த ஜாங்கிள்பாக்ஸ் என்ற பெடலும் வந்தது.

இதைப் படித்த எவனுக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. சூத்திரம் கம்ப்ரஸரில் இருக்கிறது, நல்ல கம்ப்ரஸர் வாங்கினால் முடிந்தது. முதலாவது இரண்டு குமிழ் வைத்த ஓடிஏ (ஒரு வகை ஆம்ப்ளிஃபயர் சில்லு) வகை, எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் தொடங்கி வைத்த பரம்பரையில் பிறந்த ஏதோ ஒரு வாரிசு. இரண்டாவதில் நான்கு குமிழ். அட்டாக்கையும், அதாவது எவ்வளவு சீக்கிரம் அமுக்கத் தொடங்க வேண்டும் என்பதையும், நாமே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆப்டிக்கல், உள்ளே ஒரு விளக்கு எரிந்து ஒளியுணர்வு ரெசிஸ்டர் மீது விழும், ஒலி ஏற ஏற விளக்கு பிரகாசிக்கும், பெடல் வால்யூமைத் தாழ்த்தும். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. மூன்றுமே நல்ல பெடல்கள், பழி அவற்றின் மேல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்ப்ரஸர் போட்டு வாசிக்கத் தொடங்கியதும் வீட்டில் இன்னொரு பிரச்சினை. வாசிக்கும்வரை சரி. கையெடுத்ததும் பெடல் "எங்கே சத்தம், எங்கே சத்தம்" என்று காதைத் தீட்டிக்கொண்டு வால்யூமை ஏற்றும். அறையில் இருக்கிற அத்தனை மின் இரைச்சலும் மெல்ல எழுந்து வரும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு மின்விசிறி ரெகுலேட்டர் ஜென்ம விரோதி, அதிலும் சுழற்றுகிற பழைய டிம்மர் வகை. மூன்றில் வைத்தால் ஒரு ர்ர்ர், நான்கில் வைத்தால் வேறு ஸ்வரத்தில் ர்ர்ர். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு ஜாங்கிள் தேடியவன் நான். "ஏங்க, வேர்த்துக்கொட்ட உக்காந்து அப்படி என்னத்தத்தான் தேடுறீங்க?" என்று கேட்ட மனைவிக்குப் பதில் சொல்ல என்னிடம் அப்போது எதுவும் இருக்கவில்லை.

ஆறாவது தந்தி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தந்தி மாற்ற உட்கார்ந்தேன். பன்னிரண்டு தந்தி மாற்றுவது கல்யாண வேலை மாதிரி. தொடங்கினால் பாதியில் எழுந்திருக்க முடியாது. பதினொன்றைக் கட்டி முடித்து, கடைசியாகத் தடித்த இ. பொறுமை தீர்ந்துவிட்ட கட்டம். கீயில் (தந்தியை முறுக்குகிற திருகு) இரண்டு சுற்று விட்டுவிட்டு அப்புறம் வெட்ட வேண்டியதை, முதலிலேயே கட்டிங் பிளேயரால் நறுக்கினேன். நறுக்கியது குட்டை. கீயின் ஓட்டையில் நுனியைச் செருகித் திருப்பினால், மேலே சுற்றியிருக்கிற நிக்கல் கம்பி நடுக்கம்பியை விட்டுப் பிரிந்து ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கையில் வந்தது. மாற்றுத் தந்தி வீட்டில் இல்லை. பழையதை ஏற்கெனவே சுருட்டிக் குப்பையில் போட்டாயிற்று. மணி எட்டரை. கடை கிடையாது.

சரி, பதினொன்றுக்காவது சுருதி சேர்த்து வைப்போம், புதுத் தந்தி இழுபட்டு நிலைக்கு வரட்டும் என்று பெடலைப் போட்டேன். கையில் கிடைத்தது அந்த முதல் இரண்டு குமிழ் பெடல். ஒலியை நீட்டுகிற சஸ்டெயின் குமிழ் மணி இரண்டு நிலையில், போன தடவை விட்ட இடத்திலேயே இருந்தது. ஜி கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கிற பிடி) பிடித்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தேன்.

வந்தது. எப்படிச் சொல்வது, கொலுசுப் பெட்டியை யாரோ தரையில் கவிழ்த்த மாதிரி வந்தது. முதல் அடி முடிந்த பிறகும் அந்த மெல்லிய ஜி அடங்காமல் தன்பாட்டுக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. சி, இ மைனர், மறுபடி ஜி. ஒவ்வொரு கார்டுக்கும் பின்னால் ஒரு வெள்ளிக்கோடு. அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, "இது எந்த டப்பாப்பா? புதுசா?" என்றாள். ஒரு வருஷமாக ஒன்றும் வித்தியாசம் தெரியாத பிள்ளை. "பழசுதான்மா" என்றேன். புதுத் தந்தியின் பளபளப்பு என்றுதான் நான் நினைத்தேன். ஏதோ தோன்றி அரைமணி நேரம் பதிவு செய்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது ஒற்றை இ தந்தி ஒன்று வாங்கி வந்து கட்டினேன். அதே பெடல், அதே குமிழ், அதே கார்டு, ஒரு நாள்கூட முழுதாக வாசிக்காத தந்திகள். வெள்ளிக்கோட்டைக் காணோம். பழையபடி மிதி மட்டும், மணி இல்லை. ஞாயிறு ராத்திரிப் பதிவைப் போட்டுக் கேட்டேன்; இருக்கிறது. கிட்டாரை எடுத்தேன், இல்லை. அப்போதும் உறைக்கவில்லை. பதிவில் ஏதோ ஒன்று கூடியிருக்கிறது என்றே தேடினேன். ஒன்று குறைந்திருந்தது என்பது மண்டையில் ஏற நள்ளிரவு ஆயிற்று. படுக்கையிலிருந்து எழுந்துபோய் தடித்த இ-யை முழுக்கத் தளர்த்தி, ஆம்ப்பில் ஹெட்ஃபோனைச் செருகி ஒரு ஜி இழுத்தேன். திரும்பி வந்துவிட்டது.

கல்யாண மண்டபத்தில் மைக்செட் வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். தவில் ஓங்கி விழுகிறபோதெல்லாம் பயந்துபோய் மொத்த வால்யூமையும் இறக்குகிறார். தவில் மட்டுமா இறங்கும்? நாதஸ்வரமும் சேர்ந்து அமுங்கும். என் கம்ப்ரஸர் செய்தது அதைத்தான். 82 ஹெர்ட்ஸில் அதிர்கிற தடித்த இ-தான் பன்னிரண்டிலும் பெருங்குரல். அது ஓங்கி வந்ததும் பெடல் எல்லாவற்றையும் அமுக்குகிறது. அமுக்கினால் மட்டும் பரவாயில்லை. அமுக்கியதை விடவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் நீண்ட நேரம் ஒலித்துக்கொண்டே இருப்பதும் அதே தந்திதான். மெல்லிய மேல்ஸ்தாயித் தந்திகள் சட்டென்று தேய்பவை. அவை தேயும்போது பெடல் வால்யூமை உயர்த்தித் தூக்கிப்பிடித்தால்தான் அந்த மினுக்கம் நீளும். தடியன் அடங்கக் காத்திருந்து பெடல் கையைத் தளர்த்துவதற்குள் ஜி செத்துப்போயிருக்கும். ஒரு வருஷமாக நான் சஸ்டெயின் குமிழைக் கூட்டக் கூட்டத் தடித்த இ-க்குத்தான் ஆயுள் கூடிக்கொண்டிருந்தது. மூன்று பெடலும் ஒரே மாதிரிக் கேட்டதும் இதனால்தான். மூன்றும் அந்த ஒரு தந்தியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. மகள் சொன்னது சரி.

பிறகு மறுபடி பழைய பாட்டைப் போட்டுக் கேட்டேன். நூறு தடவை கேட்ட இடம். கிட்டார் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டுடியோ கலைஞர் லாரி நெக்டல் வாசித்த பேஸ் கிட்டார் வழுக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்த நுழைவு ஏன் அவ்வளவு சுகமாக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. கீழே காலியிடம் இருக்கிறது. மெக்குவின் கிட்டாரில் அடித்தொண்டையே இல்லை. அதை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அதோடு அவர் பாஞ்சோ பழக்கத்தில் பிக்கோடு விரல்களுக்கும் உலோக உறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக உருட்டி வாசிப்பவர். என்னைப் போல ஆறு ஜோடியையும் ஒரே இழுப்பில் வாரி இறைப்பவர் இல்லை. தவில் அங்கே ஓங்கி விழவே இல்லை.

கம்ப்ரஸருக்கு முன்னால்

இ தந்தி இல்லாமலே காலத்தை ஓட்டலாமே என்று இரண்டு வாரம் ஓட்டினேன். காலியாக இருக்கிற ஒரு கீயைப் பார்த்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் "ஒண்ணு அறுந்துடுச்சு போல" என்று துக்கம் விசாரித்தார்கள். அப்புறம் தந்தியைக் கட்டிவிட்டு, சத்தத்தை ஏழு பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற பாஸ் ஜிஇ-7 ஈக்வலைஸர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைத்து 100 ஹெர்ட்ஸ் பட்டையை அடிவரை இறக்கி, 200-ஐப் பாதி இறக்கினேன். மற்ற ஐந்தையும் தொடவில்லை. பன்னிரண்டு தந்தியோடும் அந்த மினுக்கம் வந்தது. பின்னால் வைத்தால் வராது, அதையும் செய்து பார்த்தேன். அமுக்க வேண்டியதை அமுக்கி முடித்த பிறகு அடிச்சத்தத்தைக் குறைத்து என்ன பயன்?

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ என்று 1960-களின் பேர்பெற்ற ஆப்டிக்கல் ஸ்டுடியோ கம்ப்ரஸரில் ஆர்37 என்று ஒரு சின்ன திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் கருவி அடிச்சத்தத்துக்கு அவ்வளவாக அசையாமல் மேல்சத்தத்துக்கு மட்டும் கூர்மையாக எதிர்வினை காட்டும். எஃப்எம் ஒலிபரப்புக்காக வைத்த வசதி. எது அமுக்கப்படுகிறது என்பதற்கும், எதைக் கேட்டு அமுக்குகிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் காலத்திலேயே தெரிந்துதான் திருகு வைத்திருக்கிறார்கள். இப்போது சில பெடல்களில் சைட்செயின் ஹைபாஸ் ஃபில்டர் என்று அதே வசதி வருகிறது. பன்னிரண்டு தந்திக்கென்று ஒரே ஒரு பெடல் வாங்கப் போகிறவர் என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தக் குமிழைத்தான், பெயரையோ பெட்டியின் நிறத்தையோ பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. இந்த ஏற்பாட்டில் தனியாக உட்கார்ந்து வாசித்தால் கிட்டார் மெலிந்து கேட்கும். பேஸ் வாசிக்க ஆள் இருந்தால்தான் முழுமை. தனியாகப் பாடிக்கொண்டு வாசிக்கிறவர்கள் 100-ஐ அடிவரை இறக்க வேண்டாம்.

பிளெண்ட் குமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. அமுக்கிய சத்தத்தோடு அசல் சத்தத்தையும் கலந்து தருகிற இந்தக் குமிழ் இப்போது பல கம்ப்ரஸர் பெடல்களில் வருகிறது. இயல்பாக இருக்கும் என்று புகழ்கிறார்கள். ஆறு தந்திக்குச் சரி. ஜாங்கிள் இயல்பான சத்தமே இல்லை. கருவியைக் காப்பாற்ற நினைத்த ஓர் இன்ஜினியரின் பயத்தில் பிறந்த செயற்கை அது. அசலைக் கலந்தால் தடித்த இ பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பிளெண்டை முழுக்க அமுக்கிய பக்கமே வைக்கிறேன். அட்டாக்கையும் கொஞ்சம் நிதானமாக வைப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது; பிக் தந்தியில் படுகிற முதல் 'டிங்' தப்பித்து வெளியே வரவேண்டும், அது இல்லாவிட்டால் ஹார்மோனியப் பெட்டி மாதிரி ஆகிவிடும். ஒரே பெடலைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி வைப்பதைவிட இரண்டைச் சேர்த்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குவது மேல் என்பதில் மெக்குவின் கதை பொய் சொல்லவில்லை. என்னிடம் இப்போது ஈக்வலைஸர், அதன் பின்னால் அந்தப் பழைய இரண்டு குமிழ் பெடல், கடைசியில் ஆப்டிக்கல். இரைச்சல் கூடத்தான் செய்கிறது. ஃபேன் ரெகுலேட்டரை மாற்றிவிட்டேன், பெடல் விலையில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

நான்கு குமிழ் பெடல் மிச்சமாகிவிட்டது. போன வாரம் விற்கிறேன் என்று போட்டதும் ஒரு கல்லூரிப் பையன் கூப்பிட்டான்.

"ஏன் சார் விக்கிறீங்க? ஏதாவது கோளாறா?"

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. பெடல் அருமையான பெடல்."

"அப்புறம் ஏன் சார்?"

நான் மேலே எழுதியிருப்பதையெல்லாம் சொல்லத் தொடங்கி, தடித்த இ வரைக்கும் வந்து, நிறுத்திக்கொண்டேன். "உங்க கிட்டார்ல எத்தனை தந்தி?" என்று கேட்டேன்.

"ஆறுதான் சார். ஏன்?"

"அப்ப எடுத்துக்கோங்க" என்றேன்.